ஓடைமேட்டுப்பட்டி பிளாட்பாரத்து மண்

1929ஆம் ஆண்டு தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையே புதிதாகத் திறந்த ஓடைமேட்டுப்பட்டி ரயில் நிலையத்தில் மாலை வண்டியிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டுக்குப் போகவில்லை. ஆளுக்கொரு வீட்டில் நுழைந்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தேனியில் பஞ்சு அரைக்கும் ஆலைக்குப் போய்த் திரும்பிய கீழத்தெரு அம்மாவாசி, மேலத்தெருவில் பொன்னுராஜ் வீட்டு அடுப்படி வரைக்கும் போய்ச் சம்மணம் போட்டார். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பொன்னுராஜின் மனைவி பவுனு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்தா, கஞ்சிய ஊத்து. நாள் பூராம் பஞ்சுத் தூசிக்குள்ள கெடந்து தொண்ட காஞ்சு போச்சு."

"யாரு வீட்டுல வந்து யாரு கஞ்சி கேக்குறது? எந்திரியும் ஐயா! உம்ம வீடு கீழத்தெருவுல கெடக்கு."

"நல்லா இருக்கே ஞாயம்! என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்னையவே வெளிய போகச் சொல்றியே, நீ யாரு தாயி?"

பவுனு மாட்டுக்கு வைத்திருந்த கழனித் தண்ணீரைப் பானையோடு தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள். தண்ணீர் தலையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து மடக்கியிருந்த காலுக்கும் இறங்கியது. பாதம் நனைந்ததும் அம்மாவாசி துள்ளி எழுந்து, மீசையில் ஒட்டிய அரிசித் தவிட்டைத் துடைத்தபடி, "மதினி, நான் எப்ப இங்கன வந்தேன்?" என்று கேட்டார். அந்நேரம் அம்மாவாசியின் வீட்டில் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் இரண்டாவது கும்பா கூழைக் குடித்துக்கொண்டு, உப்பு குறைவு என்று அம்மாவாசியின் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஊரில் சத்தம் கேட்காத வீடு ஒன்றுதான். நடுத்தெருவின் கடைசியில் இருந்த அந்த வீட்டில் பஞ்சம்மாள் தனியாக இருந்தாள். அவள் புருசன் சுருளியாண்டி, கல்யாணமான வருஷமே கங்காணியோடு கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். ரயில் வந்தால் நடக்கிற தூரம் குறையும், அப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தெருவெல்லாம் கூச்சலும் சிரிப்புமாக இருக்க, அவள் வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். தவறிப்போய்க்கூட அவள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

காரணம் மண். ரயில் பாதைக்கு அளவெடுத்தபோது ஓடைமேட்டுப்பட்டியில் வண்டி நிற்பதாக ஏற்பாடு இல்லை. ஊரார் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதன்பேரில், பிளாட்பாரத்தை நீங்களே மண் போட்டு உயர்த்திக் கொடுத்தால் காலையில் ஒரு வண்டியும் மாலையில் ஒரு வண்டியும் நிறுத்தலாம் என்று பதில் வந்தது. ஊருக்கு அது பழகிய வேலை. கண்மாய்க்கரை உடைந்தால் தலைக்கட்டுக்கு ஒரு வண்டி மண் என்று தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்தவர்கள்தான். கண்மாயிலேயே வெட்டிப் போட்டிருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது. ஆனால் கருப்பசாமி கோயில் பூசாரி சின்னக்கருப்பு அதற்கு ஒப்பவில்லை.

"கம்மா எங்கயும் போகாது. எந்த மண்ணப் போட்டாலும் கெடக்கும். இது ஓடுற சாமான். ஓடுறது நம்ம ஊருல நிக்கணும்னா பிடிமண்ணு வேணும்ல? மலையாளத்துக் கருப்பன் இங்கன எப்பிடி வந்து ஒக்காந்தாரு? பிடிமண்ணுலதான வந்தாரு?" என்றார் அவர்.

ஊர்ப் பெரியதனம் ராக்கையாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு தலைக்கட்டும் தன் வாசற்படிக்கு முன்னால் வெட்டிய மண்ணையே கொண்டுவர வேண்டும் என்று சாட்டினார்கள். வண்டி உள்ளவர்கள் வண்டியிலும் இல்லாதவர்கள் கூடையிலும் கொண்டுவந்தார்கள். பிடிமண் எடுத்து வைத்த புது இடத்தில் சாமி தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பிடிமண்ணின் வேலையே அதுதான். மனிதர் காலில் பட்டாலும் மண் அதே வேலையைத்தான் செய்யும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மண் கொட்டுகிற நாளில் பஞ்சம்மாளும் ஒரு கூடையோடு வந்து வரிசையில் நின்றாள். ராக்கையா கையைக் குறுக்கே நீட்டினார்.

"தாயி, இது தலைக்கட்டு மண்ணு. ஆம்பள இல்லாத வீடு தலைக்கட்டு ஆகாது. ஒனக்குத் தெரியாததா?"

"ஆம்பள இல்லாம என்ன மாமா? கண்டியில இருக்காகல்ல?"

"கண்டியில இருந்தா கண்டியில மண்ணு போடட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கூடையைத் தலையில் வைத்தபடியே திரும்பி வந்து, மண்ணைத் தோண்டிய குழியிலேயே போட்டு மிதித்து மூடினாள்.

பிளாட்பாரம் கிழமேலாக நீண்டு கிடந்தது. அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ள ஊரின் மரியாதை வரிசை தெரிந்திருந்தால் போதும். கிழக்குக் கோடியில், டிக்கெட் அறைக்கும் கல் பெஞ்சுக்கும் முன்னால், முதல் மரியாதைக்காரரான ராக்கையா வீட்டுச் செம்மண். அதை அடுத்து மேலத்தெருக்காரர்களின் மண். தண்டவாளத் துண்டை மணியாகக் கட்டித் தொங்கவிட்ட கம்பத்தைத் தாண்டினால் நடுத்தெருவின் கரிசல். சரக்குக் கொட்டகைக்கு எதிரே கீழத்தெருவின் உவர்மண். மேற்கே இறங்கும் சரிவை ஒட்டி, கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரத் தெருவின் ஓடை மணல். தன் மண்ணின்மேல் அடுத்தவன் மண் விழக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டாரும் குச்சி நட்டுக் காவல் நின்றதால் எதுவும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. திமிசு போட்டு இறுக்கிய பிறகும் பிளாட்பாரம் ஒட்டுப்போட்ட கம்பளிபோலவே இருந்தது. பெட்டியிலிருந்து வெறுங்காலோடு இறங்குபவரின் பாதம் முதலில் எந்த மண்ணில் படுகிறதோ, அந்த வீடே அவருக்குத் தன் வீடாகத் தோன்றியது. பெயர் கேட்டால் அந்த வீட்டுக்காரரின் பெயரையே சொன்னார். வடக்கே இருந்து வந்த புகையிலை வியாபாரி ஒருவர் வாரத்துக்கு ஒரு பெயரோடு ஊருக்குள் வந்து, ஒவ்வொரு வீட்டிலும் மகனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிக் கவலையோடு பேசிவிட்டுப் போனார்.

பாதத்தைக் கழுவினால் தெளிந்துவிடும் என்பது பவுனுவின் கழனித் தண்ணீரால் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. கழுவிய பிறகும் சிலர், பலகாரம் வேகும் வரைக்குமாவது, தெளியாததுபோல் நடித்தார்கள். சித்திரையில் ஊர் கூடி ஒரு தீர்மானம் செய்தது: வண்டியில் வந்து எந்த வீட்டில் யார் நுழைந்தாலும் முதலில் காலைக் கழுவ வேண்டும், கழுவிய பிறகு எழுந்து போகிறவன் அந்நியன், கழுவிய பிறகும் எழாதவன் அந்த வீட்டுக்காரன், அதற்குமேல் யாரும் பேசக்கூடாது.

ஸ்டேசன் மாஸ்டர் ஞானமுத்து, உத்தமபாளையம் பக்கத்து வேதக்கார ஊரிலிருந்து வந்தவர். எப்போதும் பூட்ஸ் போட்டிருப்பார். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் புரியவும் இல்லை. ஊரார் சொன்னதை மேலே எழுதிப் போட்டார். மதுரையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பிளாட்பாரத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகவும் மேற்கிலிருந்து கிழக்காகவும் நடந்து பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். புறப்படும்போது வலது பூட்ஸுக்குள் கல் உறுத்தியது. கழற்றி உதறுவதற்காக வலது காலைக் கீழே ஊன்றினார். அந்தக் கால் அம்மாவாசி வீட்டுக்குப் போக வேண்டும் என்றது. பூட்ஸ் போட்ட இடது கால் மதுரைக்குப் போக வேண்டும் என்றது. அவர் மாலை வண்டி வரும் வரை சரக்குக் கொட்டகைக்கு எதிரே ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தார். காலைக் கழுவி ஏற்றிவிட்டார்கள். மேற்குச் சரிவில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வாரம் உத்தரவு வந்தது.

தொட்டியில் நீர் நிரப்பி, இறங்கி வருகிறவர்களின் காலில் ஊற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் ஆண்துணை இல்லாதவள், வருகிறவர்கள் யாரும் அவள் வீட்டுக்குத் தவறிப் போகவும் முடியாது, பொதுவான ஆள் என்று பஞ்சம்மாளை வைத்தார்கள். ஓடையிலிருந்து குடத்தில் எடுத்துவந்து தொட்டியை நிரப்பினாள். காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் செம்போடு நின்றாள். ஆலைக்குப் போய்த் திரும்பும் ஆணும் பெண்ணும் காலை நீட்டினார்கள், அவள் ஊற்றினாள், அவர்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தேவை இல்லாமல் போனது. வெடிப்பு விழுந்த குதிகால் அம்மாவாசி, சுண்டுவிரல் மடங்கியது பொன்னுராஜ், மெட்டி தேய்ந்தது ராக்கம்மாள் என்று பாதத்தைக் கொண்டே ஆளைச் சொல்லப் பழகினாள். சுருளியாண்டி வரும்போது முதலில் அவன் காலில் தண்ணீர் ஊற்றப்போவது தன் கைதான் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கீழத்தெரு அழகர் வரும் வரைக்கும் அது இருந்தது.

அழகர் சுருளியாண்டிக்கும் முன்னால் கண்டிக்குப் போனவன். தகரப்பெட்டியும் குடையுமாக வந்து இறங்கி, வேறு யாரோ வீட்டு நினைப்போடு சரிவில் நடந்து வந்தான். அவனுடைய தாய் செபஸ்தியம்மாள் தொட்டிக்குப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். இவள் வேதக்காரத் தெருவில் பிறந்து கீழத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். பஞ்சம்மாள் தண்ணீரை ஊற்றினாள். அழகர் தெளிந்து சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இது எந்த ஊரு ஆத்தா? எங்க தோட்டத்து லயத்துக்கு எங்கன போகணும்?"

"ஏலே அழகரு, நான் ஒன் ஆத்தாடா!"

"இருக்கட்டும் ஆத்தா. பொழுது எறங்குறதுக்குள்ள லயத்துக்குப் போகணும். காலையில கொழுந்து எடுக்கணும்ல."

மண் எந்த வீட்டையும் தன் வீடென்று நினைக்க வைக்கும். தண்ணீர் உண்மையான வீட்டை நினைவுபடுத்தும். ஆனால் பல வருஷம் வேறிடத்தில் இருந்தவனுக்கு எது உண்மையான வீடு என்பதை அந்தத் தண்ணீர்தான் முடிவு செய்தது. அழகர் மரியாதையாகவே நடந்துகொண்டான். தாய் ஊட்டிய சோற்றைக் கல் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டான். பெட்டியில் இருந்த சேலையை அவளிடமே கொடுத்தான். மறுநாள் மதுரை போகும் வண்டியில் ஏறிப் போனான். செபஸ்தியம்மாள் அன்றிலிருந்து பஞ்சம்மாளோடு பேசவில்லை. பஞ்சம்மாளும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுருளியாண்டி போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவனோடு அவள் குடும்பம் நடத்தியது ஒரு மழைக்காலமும் ஒரு வேனிலும். அவன் காலில் தண்ணீர் ஊற்றினால் அவனும் லயத்துக்கு வழி கேட்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் ராக்கையாவின் வாசலில் போய் நின்றாள்.

"மாமா, ஒரு கூட மண்ணு. ஒரு ஓரத்துல கொட்டிக்கிறேன்."

"ஒன் புருசன் வரட்டும். அவன் கையால கொட்டட்டும். நானா வேண்டாங்குறேன்?"

"அவக வீட்டுக்கு வாறதுக்குத்தான் மாமா மண்ணு கேக்குறேன்."

"அவன் வந்தாத்தான் மண்ணு. மண்ணு இருந்தாத்தான் அவன் வருவான்னா, அதுக்கு நான் என்னத்தா செய்ய?"

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தலைக்கட்டைக் கூட்டினால் கண்மாய்த் தண்ணீர் முறையிலிருந்து கோயில் பிரசாதம் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அதற்கடுத்த விடியலிலிருந்து பஞ்சம்மாள் தன் வாசல் மண்ணை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தொட்டியை நிரப்பிய கையோடு பிளாட்பாரத்தைப் பெருக்குகிறேன் என்று கிழக்குக் கோடிவரை போய், ஒவ்வொரு வீட்டு மண்ணின்மேலும் கொஞ்சம் தூவினாள். ஒரு நாள் ஞானமுத்து கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மடியில என்னம்மா அது?"

"கோலமாவு ஐயா."

"கோலத்தக் காணோமே?"

"காத்து கொண்டு போயிருச்சுய்யா."

கம்பம் பக்கத்திலிருந்து வரும் மேல்காற்று ஆனியிலும் ஆடியிலும் அந்தப் பிளாட்பாரத்தில் நிற்க விடாது. ஸ்டேசன் மாஸ்டர் அவள் சொன்னதை நம்பினாரா என்று தெரியாது. கைகாட்டி மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். காற்று கோலத்தைக் கொண்டுபோகவில்லை, மண்ணைக் கொண்டுபோனது. அவள் கை எட்டாத இடுக்குகளுக்கும், கல் பெஞ்சின் அடிக்கும், சரக்குக் கொட்டகையின் படிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாலைந்து ஆடி கழிந்தபோது பிளாட்பாரத்தில் எந்த வீட்டுச் செம்மண்ணும் கரிசலும் மேலாகத் தெரியவில்லை. எங்கும் ஒரே சாம்பல் நிறம். அது பஞ்சம்மாள் வீட்டு வாசலின் நிறம். அவள் வீட்டு முன்னால் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

அதன்பிறகு வண்டியிலிருந்து வெறுங்காலோடு இறங்கியவர்கள் எல்லோரும் பஞ்சம்மாளின் வீட்டுக்குப் போகவே புறப்பட்டார்கள். ஊர்க்காரர்களின் பாதம் அவளுக்குத் தெரியும்; அவர்களுக்கு வழக்கம்போல் ஊற்றி அனுப்பினாள். பாதம் தெரியாத நடுவயது ஆண் எவன் வந்தாலும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். சுருளியாண்டியின் முகம் அவளுக்கு மெல்ல மெல்ல மறந்து வந்தது. தோட்டத்துக் குளிரும் காய்ச்சலும் ஒரு ஆளை எப்படி மாற்றியிருக்கும் என்றும் தெரியாது. அதனால் தெரியாத எவனிடமும் அவள் துணியவில்லை. அவர்கள் சரிவில் இறங்கி, யாரையும் வழி கேட்காமல், நடுத்தெருக் கடைசி வரை நடந்து, பள்ளத்தைத் தாண்டிப் படியேறி உட்கார்ந்தார்கள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது ஏலக்காய்த் தரகர், மாட்டு வியாபாரி, பெரியகுளத்து மாம்பழக்காரர், வருசநாட்டுப் பக்கம் மரம் அறுக்கப் போகிறவர் என்று ஆட்கள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஊரார் பெயர் கேட்டால் எல்லோரும் சுருளியாண்டி என்றே சொன்னார்கள்.

அவள் பெயர் கேட்டதில்லை. புருசன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்வதும் இல்லை, பெண்டாட்டியைப் புருசன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அவளை "இந்தா" என்று கூப்பிட்டார்கள். சுருளியாண்டியும் அப்படித்தான் கூப்பிட்டான். அவள் கூழ் ஊற்றினாள், சாப்பிடும் வரை பொறுத்தாள், பிறகு ஊர்த் தீர்மானத்தை மீறத் துணியாமல் ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொருவரும் எழுந்தார்கள். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் சாப்பிட்டதற்கு ஏலக்காயோ மாம்பழமோ வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் படியில் நின்று, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஊற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு ராக்கம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏத்தா பஞ்சு, இன்னிக்கு எத்தன புருசன்?"

"நீ ஒங்க வீட்டுல இருக்குற ஒன்ன ஒழுங்கா எண்ணு மதினி. சாயங்காலம் ஆனா அது கள்ளுக்கடையிலல்ல கெடக்கு."

"எங்க வீட்டுது எங்க கெடந்தாலும் காலக் கழுவுனா எங்க வீட்டுக்குத்தான்டி வரும்."

பஞ்சம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராக்கம்மாள் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கொத்து முருங்கைக்கீரையைச் சுவரில் வைத்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

இப்படி வருஷங்கள் போயின. ஊரில் இதைத் தப்பாகப் பேசியவர்கள் பேசி ஓய்ந்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டுக்குப் போவதால் மற்ற வீடுகளில் குழப்பம் தீர்ந்தது. அதனால் ராக்கையாவும் கண்டுகொள்ளவில்லை. பஞ்சம்மாளுக்கு மட்டும் ஒன்று நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை பாதங்களைக் கழுவிய பிறகு, சுருளியாண்டியின் பாதம் எப்படி இருந்தது என்பது அவள் நினைவிலிருந்து போய்விட்டது. குதிகாலில் ஒரு தழும்பு இருந்ததாக நினைத்தாள். அது மாட்டு வியாபாரியின் காலாகவும் இருக்கலாம்.

யுத்தம் நடந்த 1942இல் அந்தப் பாதையில் வண்டி நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்து எங்கோ கொண்டுபோனார்கள். ஞானமுத்து சாவியை ராக்கையாவிடம் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் ஏறாமல் பக்கத்து வண்டிப்பாதை வழியாகவே ஊரைவிட்டுப் போனார். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும் விடவில்லை, கழற்றி எடுத்துப் போனார்கள். ஆலைக்குப் போகிறவர்கள் மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள். தொட்டி காய்ந்து, அதற்குள் கோழி அடை படுத்தது. பஞ்சம்மாள் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போனாள். வாசலில் விழுந்த பள்ளத்தை நிரப்ப அவளிடம் மண் இல்லை.

அடுத்த வருஷம் பங்குனியில், ஒரு பிற்பகல், ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கமிருந்து தண்டவாளம் இல்லாத கரைமேல் ஓர் ஆள் நடந்து வந்தார். ரயில் ஓடியிருந்தால் ரயிலில் வந்திருப்பார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கரை நேராகப் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் விட்டது. வெறுங்காலோடு அதில் ஏறி, மேற்குச் சரிவில் இறங்கி, காய்ந்த தொட்டியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, யாரையும் வழி கேட்காமல் நடுத்தெருக் கடைசி வரை போனார். பஞ்சம்மாள் பருத்தி எடுத்துவிட்டு வந்தபோது துண்டு கொடியில் கிடந்தது.

"இந்தா, வாசல்ல முருங்க நின்னுச்சே, எங்க?" என்றார் அவர்.

வாசலில் முருங்கை நின்றதாக அவளுக்கு நினைவில்லை. ராக்கம்மாளைக் கேட்டாள். நின்றது, ஒரு புயலில் சாய்ந்தது என்றாள் ராக்கம்மாள். ராக்கையா, அது தன் வீட்டு முருங்கை என்றார். செபஸ்தியம்மாள் பல வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, இந்த ஊரில் முருங்கையே கிடையாது, அகத்திதான் என்றாள். ராக்கையா வந்தவரிடம் பெயர் கேட்டார். சுருளியாண்டி என்றார். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. முன்னே வந்த மாம்பழக்காரரும் அதையேதான் சொன்னார்.

அவள் கூழ் ஊற்றினாள். தண்ணீர் ஊற்றவில்லை. மறுநாளும் ஊற்றவில்லை. அழுக்குக் காலோடு ஓர் ஆளை வீட்டில் வைத்திருக்கிறாள் என்று ஊர் பேசியது. அவர் கூரையில் ஓலை மாற்றினார், அடுப்புக்குக் கட்டை பிளந்தார், படுக்கும்போது மட்டும் பாயில் மண் ஒட்டாமல் காலை வெளியே நீட்டிக்கொண்டார். குளிக்க ஓடைக்குப் போகிறேன் என்று அவர் எழுந்தால் அவள் ஏதாவது வேலை சொன்னாள். வாரக் கடைசியில் ராக்கையா ஆட்களோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பாரு தாயி, நீயும் இருந்த தீர்மானந்தான். காலக் கழுவு. போறவன் போகட்டும், இருக்குறவன் இருக்கட்டும்."

"கழுவுறேன் மாமா. நாளைக்குக் கழுவுறேன்."

"ஏன் நாளைக்கி?"

"இன்னிக்கு ஒரு நாளு இருக்கட்டுமே."

உள்ளே இருந்தவர் எழுந்து வந்து படியில் உட்கார்ந்தார். பள்ளத்தின்மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "வந்த நாளாக் கேக்கணும்னு இருந்தேன். இந்த வீட்டுல கால் கழுவத் தண்ணி தர மாட்டீகளா?" என்றார்.

பஞ்சம்மாள் உள்ளே போனாள். திரும்பி வர நேரம் ஆனது. பழைய செம்பு அவள் கையில் இருந்தது. குனிந்து முதலில் வலது காலிலும் பிறகு இடது காலிலும் ஊற்றினாள். வைகை மணலும் கணவாய்த் தூசியும் அவள் வாசல் மண்ணும் கலங்கலாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கின. குதிகாலைக் கையால் தேய்த்துப் பார்த்தாள். தழும்பு இருந்ததா, வெடிப்பா என்று சொல்ல முடியவில்லை. அவர் எழுந்தார். கூட்டம் வழி விட்டு விலகியது. அவர் கொடியிலிருந்து துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். துண்டை உதறினார். மறுபடி அதைக் கொடியிலேயே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "இன்னொரு செம்பு ஊத்து. வெரலிடுக்குல இன்னும் மண்ணு இருக்கு" என்றார்.

அவள் இன்னொரு செம்பு ஊற்றினாள். அதன்பிறகும் அவர் எழவில்லை. ராக்கையா ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். அது சுருளியாண்டிதானா என்று ஊரில் பாதிப் பேர் ஆமென்றும் பாதிப் பேர் இல்லையென்றும் சொன்னார்கள். ஆனால் தீர்மானத்துக்கு மேல் யாரும் பேசக்கூடாது என்பதும் தீர்மானத்திலேயே இருந்தது.

அந்த ஐப்பசியில் கண்மாய்க்கரை உடைந்தது. தலைக்கட்டுக்கு ஒரு வண்டி மண் என்று சாட்டினார்கள். பஞ்சம்மாள் வீட்டிலிருந்து அவர் தலையில் கூடையோடு வந்து வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது ராக்கையா கொட்ட வேண்டிய இடத்தைக் கையால் காட்டினார். அவர் மண்ணைக் கொட்டிவிட்டு, அடுத்த கூடை எடுக்க வீட்டுக்குப் போனார்.